பழைய காரை வாங்கிப் பூட்டி வைப்பது வியாபாரமல்ல

2022 ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியில் பழைய மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கார் ஒன்று 135 மில்லியன் யூரோவுக்கு ஏலம் போனது. 2018 இல் அமெரிக்காவில் ஒரு ஃபெராரி 250 ஜீ.ரீ.ஓ. 48.4 மில்லியன் டொலருக்கு விலைபோனது. இப்படியான செய்தி ஒன்று வந்தால் போதும், "நானா, நாமும் பழைய கார் ஒன்றை வாங்கிப் போடுவோமா?" என்று கேட்டு நாலு பேர் கடைக்கு வந்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த மெர்சிடிஸ் உலகத்தில் இரண்டே இரண்டுதான் செய்யப்பட்டது. அந்த ஃபெராரி 36 மட்டுமே. அது கோடீஸ்வரர்களின் சந்தை. சாதாரண சேகரிப்பாளர்களும், பழைய காரைத் திருத்தி ஓடவிடுபவர்களும் தேடுவது வேறு வகைக் கார்கள். மொரிஸ் மைனர், மினி, எம்.ஜீ.பி., வொக்ஸ்வேகன் பீட்டில் என்பவையே அவை.

இவை அபூர்வமான கார்கள் அல்ல. மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. மினி 53 இலட்சத்தைத் தாண்டியது. பீட்டில் 2003 இல் மெக்சிக்கோவில் நிறுத்தப்படும்போது 2 கோடியே 10 இலட்சத்தைக் கடந்திருந்தது. அப்படியிருந்தும் இவற்றுக்கு ஏன் கேள்வி? பார்ட்ஸ் கிடைக்கிறது. கையால் கழற்றிப் பூட்டலாம். கம்பியூட்டர் தேவையில்லை. 1952 இலிருந்து மொரிஸ் மைனருக்குப் போட்ட ஏ சீரிஸ் எஞ்ஜினின் குடும்பமே பின்னர் மினிக்கும் வந்தது. பார்ட்ஸ் இல்லாத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் கராஜின் மூலையில்தான் நிற்கும்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். எம்.ஜீ.பி. உற்பத்தி 1980 இல் நின்றது. 1988 இல் அதன் முழு பொடியையும் பழைய அச்சுகளைக் கொண்டே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். எமது நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1990களில் இலங்கையில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. கார் அவர்களுடையது, தகடு அடித்தது எங்கள் நாட்டுக் கை.

அந்தக் கைப்பழக்கம் சும்மா வந்ததல்ல. 1977 இற்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததால், இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. லேத்காரரும் டிங்கர் பாஸும் இல்லாத பார்ட்ஸைத் தாமே செய்தார்கள். பஞ்சிகாவத்தை வளர்ந்ததிலும் இதற்குப் பங்குண்டு. இன்று அந்த பாஸ்மார் வயதாகிப் போகிறார்கள். பழகுவதற்குப் பிள்ளைகள் வருவது குறைவு. பழைய வீல் கப், கதவுக் கைபிடி, ஹெட்லைட் வளையம், மீற்றர் என்பவற்றையெல்லாம் நாங்கள் இரும்பு விலைக்குக் கொட்டுகிறோம். ஒரு காரைத் திருத்துபவர் மாதக்கணக்கில் தேடி அலைவது இந்தச் சின்னச் சாமான்களைத்தான்.

ஆகவே, கையில் சிறிய முதல் உள்ள சகோதரர் ஒரு காரில் பணத்தை முடக்குவதைவிட, பழைய பார்ட்ஸைத் தரம் பிரித்து, எந்தக் கார், எந்த வருடம் என்று எழுதி வைத்து விற்பதே மேல். ஒரு கார் ஒரு முறைதான் விற்கும். அதன் பார்ட்ஸுக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். வட்டிக்குக் கடன் எடுத்து கார் வாங்கிப் பூட்டி வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கார் வாங்கித் திருத்தி விற்கத்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் அடியைப் பார்க்க வேண்டும். மொரிஸ் மைனருக்கு லொறியைப் போல் தனிச் சட்டம் கிடையாது. பொடிதான் பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழுள்ள பகுதியும் தரையும் துருப்பிடித்திருந்தால், மேலே எவ்வளவு பளபளப்பான பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. எஞ்ஜின், செஸி இலக்கங்கள் பதிவுப் பத்திரத்துடன் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் எமது நாணயம் சோதிக்கப்படுகிறது. துருவின் மேல் புட்டி பூசி மறைப்பதும், மாற்றிய எஞ்ஜினை அசல் என்று சொல்வதும், போலி பார்ட்ஸை ஒரிஜினல் பெட்டியில் போட்டுக் கொடுப்பதும் சாமர்த்தியமல்ல, மோசடி. குறையைச் சொல்லி விற்பது மார்க்கம் எமக்கு விதித்த கடமை. விற்பனைக்காக வைத்திருக்கும் காரும் பார்ட்ஸும் வியாபாரச் சரக்கு என்பதால், வருடம் பூர்த்தியானதும் சந்தைப் பெறுமதியில் இரண்டரை வீதம் ஸக்காத் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பழைய கார் பிரியர்கள் சிறிய கூட்டம். ஒருவரை ஒருவர் அறிவார்கள். ஒருவரை ஏமாற்றினால் மறுநாளே பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். ஒருவருக்கு உண்மை சொன்னாலும் அப்படித்தான். ஒரு கடையில் வயதான பாஸ் ஒருவருக்கும், அவரிடம் பழக ஒரு பையனுக்கும் இடம் கொடுத்தால், இன்னும் ஒரு தலைமுறைக்கு இந்தத் தொழில் எங்கள் கையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.