ஆண்டியைக் காண அனுமதிச் சீட்டு

ஊரின் பெயர் ஆண்டிமடம். ஜெயங்கொண்டத்தை அடுத்து, முந்திரிக்காடு சூழ்ந்த செம்மண் பூமி. அவ்வூர் அடங்கிய அரியலூர் மாவட்டத்திலிருந்தும், அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்திலிருந்தும், சித்திரைத் தேருக்கு மக்கள் சமயபுரத்துக்கு நடந்தே போகிறார்கள். மஞ்சள் ஆடை, வெறுங்கால், தலைமேல் மூட்டை, இடுப்பில் குழந்தை! முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்த தாய்மார்கள், கரும்பு வெட்டிக் கை காய்த்த உழவர்கள், சிமெண்டு ஆலைத் தூசியை மூச்சாக்கிக் கொண்ட தொழிலாளர்கள். நடந்தால் நோய் தீரும் என்று நாம் நம்பவில்லை. நம்பாததை ஒளித்ததும் இல்லை. ஆயினும் கேட்கிறோம்: கால் கொப்பளிக்க நடந்து வந்தவனுக்கு, பெருங்கோயில்களின் வாயிலில் காத்திருக்கும் வரவேற்பு என்ன?

இரண்டு பலகைகள்! ஒன்றில் ‘இலவச தரிசனம்’. மற்றொன்றில் ‘சிறப்புக் கட்டண தரிசனம்’. பலகையே இல்லாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. காரின் கதவு திறக்கும்போதே கோயிலின் கதவும் திறக்கும் வழி அது. அதிகாரி வருவார், அமைச்சர் வருவார், அவர் மைத்துனர் வருவார், மைத்துனரின் நண்பர் வருவார். அவர்களுக்குப் பரிவட்டம், மாலை, மரியாதை. இரும்புக் கம்பிகளுக்கிடையே, பட்டியில் அடைத்த ஆடுகளைப் போல, மணிக்கணக்கில் நிற்கிறவனுக்கோ, “நகரு, நகரு!” என்று முதுகில் ஒரு தள்ளு. இதற்குப் பெயர் இலவசமாம்!

கோயில் எதை விற்கிறது என்பதைச் சற்று நிதானித்துப் பாருங்கள், தோழர்களே! கருவறையின் முன்னால் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர்தான் கடந்து செல்ல முடியும். பணம் கட்டியதால் அந்த மணிக்கு அறுபத்தோராவது நிமிடம் முளைத்துவிடுவதில்லை. பணம் கட்டிய ஒருவர் முன்னே நுழைந்தால், கட்டாத ஒருவர் பின்னே தள்ளப்படுகிறார். ஆகவே, சீட்டுக் கொடுத்து விற்கப்படுவது கடவுளின் அருளும் அன்று, கோயிலின் உடைமையும் அன்று. வரிசையில் நிற்கும் ஏழையின் நேரம்! உடையவனைக் கேளாமல் அவன் பொருளை விற்று, விலையை உண்டியலில் போட்டுக் கொள்வதற்கு ஊர்வழக்கில் என்ன பெயரோ, அதே பெயர் இதற்கும் பொருந்தும்.

திருமலையில் இந்த வாணிகம் வெளிப்படையாகவே நடக்கிறது. 300 ரூபாய்க்குச் சிறப்பு நுழைவு. ஸ்ரீவாணி அறக்கட்டளைக்கு 10,000 ரூபாய் நன்கொடை தந்து, மேலும் 500 ரூபாய்க்குச் சீட்டு வாங்கினால் வி.ஐ.பி. பிரேக் தரிசனம். அந்தச் சொல்லை நாம் பாராட்டுகிறோம். அதில் பொய் இல்லை. பிரேக் என்றால் முறித்தல், இடைநிறுத்தல். நிறுத்தப்படுவது எவருடைய வரிசை? 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அக்கூலி பெறும் ஆண்டிமடத்துப் பெண்ணொருத்தி உண்ணாமல், உடுக்காமல் 31 நாள் மண் சுமந்தாலும் அந்தச் சீட்டின் விலைக்குச் சில ரூபாய் குறையும்!

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த நன்கொடையைக் கொண்டு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீனவர் ஆகியோரின் குடியிருப்புகளில் கோயில் கட்டித் தருகிறார்களாம். செல்வர் தரும் பணத்தில் சேரிக்கு ஒரு கோயில். சேரிக்காரன் திருமலைக்கு வந்தாலோ கடைசி வரிசை! இதைத் தருமம் என்று எழுதிவைத்தவர்களின் துணிவை என்னென்பது!

நேரம் மட்டும் போனால் பரவாயில்லை, உயிரே போயிருக்கிறது. 2025 சனவரி 8 ஆம் நாள் இரவு, வைகுண்ட வாயில் தரிசனத்தின் இலவசச் சீட்டுக்காகத் திருப்பதியில் கூடி நின்ற கூட்டத்தின் நெரிசலில் ஆறு பேர் மாண்டனர். தமிழ்நாட்டுப் பெண்ணொருவரும் அவர்களில் அடக்கம். கவனியுங்கள்: தரிசனத்தில் அல்ல, தரிசனச் சீட்டுக்கான நெரிசலில்! நாற்பதாண்டுக்கு ஒருமுறை நீரிலிருந்து வெளிவரும் அத்திவரதரைக் காண 2019 இல் காஞ்சிபுரத்தில் 48 நாட்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் கூடியதாகக் கணக்குச் சொன்னார்கள். அங்கே பிரமுகர்களுக்கு ஒரு வழி, பொதுமக்களுக்கு ஒரு வழி. பிரமுகர் அத்தி மரத்தின் அருகே அமர்ந்து படம் பிடித்துக்கொண்டார். ஜூலை 18 ஆம் நாள், பொதுவழிக் கூட்டத்தில் மூச்சுத் திணறி நால்வர் இறந்தனர். 300 ரூபாய்ச் சீட்டுக்காரரும் 10,500 ரூபாய்ச் சீட்டுக்காரரும் இப்படி மிதிபட்டுச் செத்ததாக எங்கேனும் கேள்விப்பட்டதுண்டா?

“கடவுளை மறுக்கும் உங்களுக்குக் கோயில் வரிசையைப் பற்றி என்ன கவலை?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 1924 இல் வைக்கத்துக்குச் சென்று சிறைப்பட்ட பெரியார், அவ்வூர்த் தேவனைத் தொழுவதற்கா போனார்? கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கும் உரிமைக்காகப் போனார். தொழுவதும் தொழாததும் அவரவர் அறிவைப் பொறுத்தது. பொது இடத்தில் ஒருவன் மற்றவனுக்குக் கீழே நிறுத்தப்படுவது நம் எல்லோரையும் பொறுத்தது. 1939 ஜூலை 8 இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் நுழைந்தார்கள். 1947 இல் சென்னை மாகாணமெங்கும் ஆலய நுழைவு சட்டமாயிற்று. கதவு திறந்தது. ஆனால், கதவுக்குள்ளே கம்பி நட்டார்கள். அன்று பிறப்பைக் கேட்டு நிறுத்தினார்கள். இன்று பையைக் கேட்டு, பதவியைக் கேட்டு நிறுத்துகிறார்கள்.

நீதிமன்றமும் இதைப் பார்க்காமல் இல்லை. கோயிலில் கடவுள் ஒருவரே வி.ஐ.பி. என்னும் கருத்தை 2022 இல் திருச்செந்தூர்க் கோயில் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. 2025 சனவரி 31 ஆம் நாள், வி.ஐ.பி. தரிசனக் கட்டணத்தை எதிர்த்த வழக்கில், தனிச் சலுகை கூடாது என்பது தன் கருத்தாக இருக்கலாம் என்றும், ஆனால் அது கோயில் நிர்வாகமும் சமுதாயமும் முடிவு செய்ய வேண்டியது என்றும் சொல்லி, உச்சநீதிமன்றம் விலகிக்கொண்டது. நல்லது. அந்தச் சமுதாயம் நாம்தானே?

“கட்டணம் போனால் கோயில் எப்படி நடக்கும்?” என்பார்கள். திருமலை உண்டியலில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விழுகிறது. அவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்கு வாருங்கள். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் உழவர்கள் தம் விளைச்சலில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நெல்லையும் கம்பையும் கொடுப்பவன் விரைவுச் சீட்டு கேட்டுக் கொடுப்பதில்லை. (அது வீணா, தக்கதா என்பது வேறு வழக்கு.) தமிழ்நாட்டு அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டையடிக்கும் கட்டணத்தை 2021 செப்டம்பரில் அரசு நீக்கியது, எந்தக் கோபுரமும் சரியவில்லை. மயிருக்கு விலை வேண்டாம் என்று சொல்ல முடிந்த துறைக்கு, மனிதனின் நேரத்துக்கு விலை வேண்டாம் என்று சொல்ல ஏன் முடியவில்லை? பழனியில் நிற்பவன் கோவணம் கட்டிய ஆண்டி. அந்த ஆண்டியைக் காண்பதிலும் ஆளுக்கொரு விலையா?

தேர்தல் நாளில் ஆண்டிமடத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று பாருங்கள். நிலக்கிழாரும் அவர் நிலத்தில் உழைப்பவரும் ஒரே வரிசை. விரலில் ஒரே மை. சீக்கிரம் வாக்களிக்க 300 ரூபாய் என்று அங்கே பலகை மாட்டினால் நாடு பொறுக்குமா? கோயிலில் மட்டும் ஏன் பொறுக்கிறது?

நாம் கேட்பது ஒரே வரிசை. முதியோர், உடல் ஊனமுற்றோர், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் ஆகியோர் முன்னே போகட்டும். அமைச்சர் இவர்களுக்குப் பின்னே நிற்கட்டும். சுடுவெயிலில் நிற்பவனுக்கு நிழலும், நீரும், கழிவறையும், எத்தனை மணி நேரம் ஆகும் என்ற நேர்மையான அறிவிப்பும் வேண்டும்.

இளைஞர்கள் இன்றே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, தம் மாவட்டத்துக் கோயில்களைப் பற்றி அறநிலையத்துறைக்கு எழுதலாம்: சென்ற திருவிழாவில் கட்டணமும் இன்றி, வரிசையும் இன்றி உள்ளே போனவர் எத்தனை பேர்? எவர் பரிந்துரையில் போனார்கள்? அவர்களுக்காகப் பொது வரிசை எத்தனை முறை நிறுத்தப்பட்டது? வரும் விடையை, கணக்கு இல்லை என்று வந்தாலும் அதையே, ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள்.