பயணத்துக்கும் அடக்க விலை பார்க்க வேண்டும்

விருதுநகரில் மிளகாய் வற்றல் என்ன விலை என்று கேட்டுவிட்டு, அதையே நம் கடை விலையாக யாரும் எழுதுவதில்லை. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, தரகு, வட்டி எல்லாம் சேர்த்துத்தான் அடக்க விலை போடுகிறோம். ஆனால் சிங்கப்பூர் போவதென்றால் மட்டும் "திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம்தானே" என்கிறோம். அது கொள்முதல் விலை. அடக்க விலை வேறு.

நம் தகப்பனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தும் முடிந்தது. இன்று திருச்சியிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டரை விமானம் நான்கு மணியில் கடக்கிறது.

சீர்காழியிலிருந்து திருச்சி சுமார் 150 கிலோமீட்டர். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று ஊர் ஊராக நுழைந்து போய்ச் சேர அதே நான்கு மணி ஆகிறது. மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். அங்கே இறங்கிக் குடியேற்றச் சோதனை முடிய ஒரு மணி. ஆக மொத்தம் பன்னிரண்டு மணி. சென்னை வழியென்றால் ரயிலில் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போகலாம். அப்படியும் பதினான்கு மணிக்குக் குறையாது.

கால அட்டவணையிலும் கவனம் தேவை. இரவு 10 மணிக்கு இங்கு புறப்பட்டால் அங்கு காலை 4.30 என்று போட்டிருக்கும். திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஏறினால் இங்கு 11.30. இரண்டும் நான்கு மணிப் பயணமே. 1982 முதல் சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அரிசி, மளிகை அனுப்பும் அன்பர்கள் இதை மறக்கலாகாது. அங்கு மாலை 6 மணிக்கு அலுவலகம் மூடும்போது இங்கு 3.30தான். சாப்பிட்டு எழுந்து நிதானமாக விலை சொல்லலாம் என்றிருந்தால் அன்றைய ஆர்டர் போயிற்று.

ஜெட் விமானம் வந்த நாள் முதல் அதன் வேகம் பெரிதாகக் கூடவில்லை. அதைக் கூட்டுவது நம் கையிலும் இல்லை. பன்னிரண்டு மணியில் குறைக்கக்கூடியது தரைவழி நான்கு மணி ஒன்றுதான். விழுப்புரம்–மயிலாடுதுறை ரயில் பாதை 2006 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டு, 2010இல்தான் திறந்தது. பிறகு மின்மயமும் ஆயிற்று. ஆனால் விழுப்புரத்திலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரை இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டிக்காக நிற்கும் நேரமெல்லாம் நம் கணக்கில்தான் ஏறுகிறது.

இது வியாபாரத்தோடு நிற்கும் விஷயமில்லை. நம் பகுதிப் பிள்ளைகள் பலர் அங்கு வேலையில் இருக்கிறார்கள். தகப்பனார் காலமானார் என்று செய்தி கேட்டு ஓடி வரும் மகன் கடலைக் கடக்கும் நேரமும், திருச்சியிலிருந்து ஊர் வந்து சேரும் நேரமும் ஒன்றாக இருப்பது நியாயமா?

எனவே விழுப்புரம்–தஞ்சாவூர் இரட்டைப் பாதைக்காக டெல்டா மாவட்ட வணிகர் சங்கங்கள் அனைத்தும் ஒரே மனுவாகக் கொடுக்க வேண்டும். தனித்தனிக் கடிதம் தனித்தனி மூட்டை போல, எடை தெரியாது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.