போலீஸ் சங்கத் தலைவருக்கு சர்வீஸ் மட்டும் போதுமா?

"முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவர், இவரைவிடத் தகுதியானவர் யார் இருக்கிறார்?"

போலீஸ்காரர்களுக்குச் சங்கம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், தலைவராக வரவேண்டியவரைப் பற்றி இப்படித்தான் சொல்லப்படுகிறது. அனுபவம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த அனுபவம்? தர்மபுரி ஜில்லாவின் கதை இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.

சட்டம் சொல்வது

முதலில் சட்டம். 1966-ம் வருஷத்துச் சட்டப்படி, அனுமதி பெறாமல் எந்தப் போலீஸ்காரரும் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறைவாசம் உண்டு. டெல்லி போலீஸ்காரர்களின் சங்கம் 1966-ல் அங்கீகாரம் பெற்று 1967-ல் அதை இழந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில், இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் தீர்ப்பளித்தது.

ஆனால் அனுமதி கொடுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பக்கத்து ராஜ்யமான கேரளத்தில் 1979 முதல் போலீஸ்காரர்களுக்குச் சங்கம் இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் உண்டு. கான்ஸ்டபிள்களின் கோரிக்கையோ இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

கஷ்டம் அறிந்தவர்

ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் ஜனசமுத்திரம். விடியற்காலையிலிருந்து ஆற்றங்கரையில் பந்தோபஸ்து நிற்கும் கான்ஸ்டபிளுக்குச் சாப்பாடு எப்போது வரும், மாற்று ஆள் எப்போது வருவார் என்பது, அந்த வெயிலில் தானும் நின்றவருக்குத்தான் தெரியும்.

காகிதத்தில் உள்ள உத்தரவுக்கும் ஸ்டேஷனில் நடப்பதற்கும் உள்ள தூரமும் அவருக்குத் தெரியும். அதிகாரிகள் வீட்டில் போலீஸ்காரர்களை வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979-லேயே சர்க்கார் ரத்து செய்துவிட்டது. அப்படியிருந்தும் 2022-ல் ஹைகோர்ட்டு அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது! வார விடுமுறைக்கு 2021-ல் உத்தரவு பிறந்தது. அந்த விடுமுறை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கிடைக்கிறதா என்று விடாமல் கேட்க ஒருவர் வேண்டும். அதற்கு நீண்ட சர்வீஸ் உதவும்.

வாச்சாத்தி கற்பிக்கும் பாடம்

ஆனால் இதோடு தகுதி முடிந்துவிடவில்லை.

1992 ஜூன் 20-ந் தேதி, அரூர் தாலுகாவில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி கிராமத்தில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் புகுந்தார்கள். வீடுகள் நாசமாயின. மலைவாழ் மக்கள் அடித்து வதைக்கப்பட்டார்கள். 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 84 பேர் போலீஸ் இலாகாவைச் சேர்ந்தவர்கள்.

2023-ல் ஹைகோர்ட்டு இந்தத் தண்டனையை உறுதி செய்தது. அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, ஜில்லா வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றது. கீழே இருந்தவர்கள் தண்டனை பெற்றுப் பன்னிரண்டு வருஷமான பிறகுதான் மேலே இருந்தவர்களைப் பற்றிக் கோர்ட்டு இப்படிச் சொல்ல நேர்ந்தது!

அந்த 84 பேருக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் அது என்ன செய்திருக்க வேண்டும்? கேஸ் வந்த பிறகு வக்கீல் வைத்துக் கொடுப்பது சுலபம். "இது சட்டவிரோதம்; இதில் நீங்கள் கைவைக்கக் கூடாது; மறுத்ததற்காக உங்கள் மீது நடவடிக்கை வந்தால் சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பவரே உண்மையான தலைவர். தன் ஆட்கள் செய்வதெல்லாம் சரி என்று சாதிப்பவர், கிராமத்து ஜனங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் போலீஸ்காரர்களுக்கும் துரோகம் செய்கிறார்.

சொந்தப் பகை வேண்டாம்

லண்டன் போலீஸில் ஜான் சைம் என்று ஓர் இன்ஸ்பெக்டர் இருந்தார். தமக்குக் கீழிருந்த இரண்டு கான்ஸ்டபிள்களுக்காக மேலதிகாரிகளை எதிர்த்து, 1910-ல் வேலையை இழந்தார். 1913-ல் தோன்றிய போலீஸ் சங்கத்துக்கு அவரே மூல புருஷர். தைரியசாலிதான். ஆனால் நாளடைவில் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியே அவருக்குப் பெரிதாகிவிட்டது. 1918-ல் லண்டன் போலீஸ் வேலைநிறுத்தம் வெற்றி பெற்றபோது முன்னின்று நடத்தியவர்கள் வேறு ஆட்கள். மறுவருஷம் நடந்த வேலைநிறுத்தம் தோற்று, கலந்துகொண்டவர்கள் வேலையிழந்தார்கள். பார்லிமெண்டு 1919-ல் சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் தடை செய்தது; ஆனால் குறைகளை எடுத்துச் சொல்ல 'போலீஸ் பெடரேஷன்' என்ற அமைப்பை ஏற்படுத்திக் கொடுத்தது.

அடியிலிருந்து உழைத்து வந்தவர், சட்டம் தெரிந்தவர், சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள வராதவர், மேலதிகாரியிடம் மட்டுமல்லாமல் தன் சகாக்களிடமும் "கூடாது" என்று சொல்லக்கூடியவர் – இவரே தலைவராக வரத் தகுந்தவர். அப்படிப்பட்டவர் முன்வந்தால், சங்கத்துக்கு அனுமதி கொடுக்க சர்க்கார் தயங்க வேண்டியதில்லை. அதைக் கண்டு வாச்சாத்தி ஜனங்களும் அஞ்ச வேண்டியதில்லை.