கண்மாய் மீன் யாருக்கு?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்பது ஆண்டுக்கு நாலைந்து மாதம். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. அந்தத் தண்ணீரில் இரண்டு விளைச்சல் எடுக்கலாம். ஒன்று நெல், மற்றொன்று மீன். நெல்லைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மீனைப் பற்றிப் பேச்சு எழுவது ஏலம் நடக்கும் ஒரு நாள் மட்டும்தான். அன்றும் பேசுகிறவர் பணம் வைத்திருப்பவர்.

பஞ்சாலையில் ஷிப்டு முடித்து வருகிற தொழிலாளி, மிளகாய் பறித்துவிட்டு வருகிற பெண், இவர்கள் வீட்டுச் சட்டியில் மீன் எப்போது கொதிக்கிறது? மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் ஐஸ் பெட்டிகளோடு லாரிகள் ஓடுகின்றன. கடல் மீன் நம் ஊரைக் கடந்து போகிறது. நம் கண்மாய் மீனோ குத்தகைக்காரரின் வண்டியில் ஊரைவிட்டுப் போகிறது. கரைக்கு மண் சுமந்தவர்கள் யார்? 100 நாள் வேலையில் வெயிலில் நின்று வரத்துக்கால் வெட்டியவர்கள் யார்? அவர்கள் அயிரையும் குரவையும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது!

ஏரியில் குஞ்சு விட்டு மீன் வளர்ப்பது சர்க்காருக்குப் புதிய வித்தை அல்ல. அன்றைய சென்னை மாகாண சர்க்கார் 1907-லேயே நீலகிரியில், அவலாஞ்சியில், டிரவுட் மீனுக்கென்று பொரிப்பகம் அமைத்தது. டிரவுட் குளிர்நாட்டு மீன். ஓடுகிற குளிர்ந்த நீர்தான் அதற்கு உயிர். நம் கண்மாயில் விட்டால் பங்குனி வெயில் வரும் முன்பே செத்து மிதக்கும். அந்த மீனை மலைக்குக் கொண்டுவந்தது மலைவாசிகளின் பசி தீர்க்கவா? இல்லை. வெள்ளைக்காரத் துரைகள் ஓய்வு நாளில் தூண்டில் போட்டு விளையாடுவதற்கு. முட்டைகளைக் கடல் கடந்து வரவழைத்தார்கள். முதலில் தோல்வி கண்டார்கள். விடாமல் செய்து முடித்தார்கள். பணமும் பொறுமையும் இருந்தன, ஏனென்றால் தேவை துரைமார்களுடையது.

நம் கரிசல் காட்டுக்கு ஏற்ற மீன் கெண்டை வகை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வேகமாக வளரக்கூடியவை. ஆனால் தேங்கி நிற்கும் கண்மாயில் இவை தாமாக முட்டையிட்டுப் பெருகுவதில்லை. ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தில் குஞ்சுகளை வலை போட்டுப் பிடித்துத்தான் குளங்களில் விட வேண்டும். 1957 ஜூலை 10-ஆம் நாள் ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டை இன மீனை முட்டையிடச் செய்து காட்டினார். அதன் பிறகு தொட்டியிலேயே லட்சக்கணக்கில் குஞ்சு பொரிக்க வழி பிறந்தது. நம் நாட்டவர் கண்ட அந்த வித்தையால் பயன் அடைய வேண்டியவர்கள் குளத்துக் கரையில் குடியிருப்பவர்கள் அல்லவா?

இங்கேதான் பருவத்தின் கணக்கைக் கவனிக்க வேண்டும். கெண்டைக் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் ஆனி, ஆடி, ஆவணியில். நம் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். இடையில் இரண்டு மூன்று மாதம் அந்தக் குஞ்சை நாற்றங்கால் குட்டையில் வைத்து விரலளவுக்கு வளர்க்க வேண்டும். கண்மாய் நிறைந்ததும் விரலளவுக் குஞ்சை விட்டால் சித்திரைக்குள் கறிக்கு ஆகும். பொடிக் குஞ்சை விட்டால் பாதி விரால் வாயில் போகும். மீதி வளரும் முன் தண்ணீர் வற்றிவிடும். இலாகா தை மாதத்தில் கொண்டுவந்து கொட்டும் குஞ்சு படம் எடுத்துக்கொள்ளத்தான் உதவும்.

நாற்றங்கால் வைப்பவர் யார்? ஓராண்டுக் குத்தகைக்காரர் வைக்க மாட்டார். அடுத்த பசலியில் கண்மாய் யார் கைக்குப் போகுமோ என்று அவருக்குத் தெரியாது. ஆகவே போட்ட பணத்தை எடுப்பதே குறி. கண்மாயில் தண்ணீர் குறையக் குறைய அவருக்கு வேட்டை எளிது. மடையைத் திறந்துவிட்டு மீனை அள்ளுகிறார்கள் என்று தென்மாவட்டங்களில் ஆண்டுதோறும் விவசாயிகள் முறையிடுவது இதனால்தான். கதிர் பால் பிடிக்கும் வேளையில் ஒரு தண்ணீர் போனால், போனது மீன் மட்டுமா? கூலிக்காரனின் அறுப்பு வேலையும் போகிறது.

பழைய வழக்கம் வேறு. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலையோடு பல ஊர் ஜனம் ஒன்றாக இறங்கும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் இது நடக்கிறது. அந்த வழக்கத்தில் எல்லோருக்கும் சமபங்கு இருந்தது என்று நாம் மெழுகப் போவதில்லை. தீண்டாமை கரையிலும் உட்கார்ந்திருந்தது. ஆனால் ஒரு கண்மாயின் மீன் ஒரே ஆளின் சொத்து என்ற நினைப்பு மட்டும் அதில் இல்லை.

100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய் நீர்வள இலாகாவிடம் இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். இரண்டும் ஜனங்களின் சொத்து. மத்திய சர்க்கார் 2020-இல் 20,050 கோடி ரூபாய் மீன்வளத் திட்டம் அறிவித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்களுக்கு அதில் 60 சதம் மானியம் என்றார்கள். மீதி 40 சதத்துக்குக் கையில் காசில்லாத கூலிப் பெண் எங்கே போவாள்? தண்ணீரின் மேலேயே உரிமை இல்லாதவளுக்கு மானியம் எதற்கு?

ஆகவே நாம் கேட்பது இது. கண்மாய் மீனைத் தனி ஆளுக்கு ஏலம் விடாமல், அந்த ஊர் விவசாயத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு விட வேண்டும். காலனிக் குடும்பங்களும் பெண்களும் அதில் உறுப்பினராக வேண்டும். முதல் ஆண்டுக் குஞ்சைச் சர்க்கார் இலவசமாக, கார்த்திகைக்குள் தர வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் குத்தகைப் பணத்தைத் தள்ள வேண்டும். மடைச் சாவி பாசன விவசாயிகளிடமே இருக்க வேண்டும். பிடித்த மீனில் ஒரு பங்கைக் கரையிலேயே, சங்கம் குறித்த விலைக்கு, ஊர் ஜனங்களுக்கு விற்ற பிறகே வெளியூர் வண்டி ஏற்ற வேண்டும்.

ஏல அறிவிப்பு ஒட்டிய பிறகு கூச்சலிட்டுப் பயனில்லை. கிராம சபை மே 1-ஆம் தேதி கூடுகிறது. பசலி பிறப்பது ஜூலை 1-இல். நடுவே இரண்டு மாதம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர்கள் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சபைக்குப் போக வேண்டும். அருப்புக்கோட்டை ஆலைத் தோழர்களில் பெரும்பாலோர் இந்தக் கண்மாய்க் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்தாம். மே தினக் கூட்டம் முடிந்ததும் அவர்களும் சொந்த ஊர்ச் சபையில் போய் உட்காரட்டும்.