உப்பு கொஞ்சம் தூக்கல்!



ஆண்டு மலர் என்றாலே தன்னம்பிக்கை, தாய்நாடு, அறிவியலின் விந்தை என்று எழுதுவதுதான் நம் வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டது டீயும் பிரியாணியும் கூழும். "சாப்பாட்டு ராமன் வேற எதைப் பத்தி எழுதப் போறான்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருகிறது. வரட்டும். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் சிரிங்கப்பா!

முதலில் டீ. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்ற நம்முடைய உலகப் போர்களையெல்லாம் மறந்து மூணு டிபார்ட்மென்ட்டும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடம் டீக்கடை ஒன்றுதான். "மாஸ்டர், ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு லைட், ஒண்ணு சர்க்கரை கம்மி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு முழ நீளத்துக்கு ஆத்தி, நுரையோடு கிளாஸ் கைக்கு வந்துவிடும். அந்த ஒரு கிளாஸில் எவ்வளவு இன்ஜினியரிங் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நடுவில் கரி எரியும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், கீழே பித்தளைக் குழாய். நாம் பரீட்சைக்கு உருப்போடும் பாய்லர் பாடம் அங்கே தினமும் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது! டீத்தூளும் அப்படித்தான். 1930-ஐ ஒட்டி அஸ்ஸாம் தோட்டம் ஒன்றில் மெக்கர்ச்சர் என்பவர் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் எந்திரத்தை உருவாக்கினார். அதுதான் சி.டி.சி. கொஞ்சம் தூளில் நிறைய கிளாஸ், நல்ல நிறம், நல்ல கடுப்பு. கூலி வேலைக்குப் போகிறவருக்கும் டீ கட்டுப்படியானதில் அந்த எந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, ருசி என்பது மாஸ்டர் கையில் மட்டும் இல்லை, மெஷின் செய்தவன் கையிலும் இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி வேணும்.

அடுத்து பிரியாணி. விரிஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆம்பூர். ஆற்காடு நவாபின் சமையல்காரர்கள் வழியாக வந்த கைப்பக்குவம் என்று சொல்வார்கள். பாஸ்மதியெல்லாம் அங்கே எடுபடாது, சீரகச் சம்பாதான். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் காரம். அரிசியைத் தனியாக வேகவைத்து, பதத்தில் வடித்து, வெந்த கறியோடு சேர்த்து, மூடி மேல் கங்கு போட்டு தம் கட்டுவார்கள். மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்கு அரியர் பேப்பர் கவலைகூட மறந்துபோகும்! தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி, புளி சேர்த்த கத்திரிக்காய். கத்திரிக்காய் என்றதும் நம் அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடி முள் கத்திரியை விட்டுவிட முடியுமா? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் முள், உள்ளே வெண்ணெய்!

மூணாவது கூழ். ஆடி மாசம் அம்மன் கோயில் வாசலில் அண்டாவில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ். கடித்துக்கொள்ள பச்சை வெங்காயம், மாங்காய்க் கீத்து, வீட்டில் என்றால் சுட்ட கருவாடு. எந்த ஸ்டார் ஹோட்டல் ஜூஸ் இதுக்கு ஈடாகும்?

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது எது? பாலா? பிரியாணியில் பால் கிடையாது. அரிசியா? டீயில் அரிசி கிடையாது. தண்ணீர்! டீயில் பெரும்பங்கு தண்ணீர். அரிசி வேகத் தண்ணீர். கூழ் கரைக்கத் தண்ணீர். தண்ணி கெட்டா மூணும் கெட்டுது. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்க ஆயா சொல்லுவாங்க: "அப்போ ஆத்துல கையால ஊத்து தோண்டுவோம். தெளிஞ்ச தண்ணி மேல வரும். அதை மொண்டு வந்து சோறு வடிச்சா, மறுநாள் பழையசோத்துத் தண்ணி கூட இனிக்கும்." அவங்க சொல்ற ஆறு நம்ம பாலாறு. இன்னிக்கு அதே ஆத்தங்கரையில நாம குடிக்கறது கேன் தண்ணி, இல்லேன்னா மேட்டூர்ப் பக்கத்துலேர்ந்து குழாயில வர்ற காவிரித் தண்ணி. பாலாத்துப் பிள்ளைக்குக் காவிரி பால் கொடுக்குது!

உப்புத் தண்ணீர் சமையலை என்ன செய்யும் என்பது நம் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. கடின நீரில் டீ போட்டால் மேலே மங்கலாக ஓர் ஏடு படியும், வாசனை அமுங்கிப்போகும். அதே நீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. கால்சியம் போய்ப் பருப்பின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பாய்லர் உள்ளே செதில் செதிலாகப் படிகிறதே, அதே சமாச்சாரம்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது அது. வேறு வழியே இல்லாத ஊராக நாம் ஏன் இருக்கணும்?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். ராஜா போனது நல்லதுக்குத்தான். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். சாமியே திரும்பி வந்தாச்சு, தண்ணி மட்டும்தான் இன்னும் வரலை! 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தோம். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் நிலத்தடியில் சேர்ந்த உப்பு போய்விடவில்லை.

அந்த உப்பு எங்கேயிருந்து வந்தது? பச்சைத்தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை சாதாரண உப்பைத் தூவி வைக்கிறார்கள். தோலை முதலில் ஊறவைக்கும்போது அந்த உப்பு அப்படியே தண்ணீரில் கரைந்து வெளியே வரும். குரோமியத்தைக்கூட ரசாயனம் போட்டு அடியில் படிய வைத்துப் பிரித்துவிடலாம். உப்பு படியவும் படியாது, பாக்டீரியாவும் அதைத் தின்னாது. வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் ஆற்றில் நமக்கு மேலே இருக்கிற ஊர்கள். மேலே கரைந்தது கீழே உள்ள நம் கிணற்றுக்கு வராமல் எங்கே போகும்?

இதற்காக நம் மாவட்டத்து மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. கெடுத்தவனே செலவைக் கொடுக்கணும், கெடும் என்று தெரிந்தால் முன்னாடியே தடுக்கணும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டமே என்று உறுதியாகச் சொன்னது அந்தத் தீர்ப்புதான். நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் 'வேலூர் வழக்கு' பாடமாக இருக்கு. வேலூர்க்காரன் நமக்குத்தான் தெரியலை! 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இழப்பீடு கொடு, ஆற்றைச் சீர்செய் என்று. இருபத்தெட்டு வருஷம் கழிச்சும் அதே பேச்சு!

இந்த இடத்தில் ஒரு நண்பர் கேட்பார்: "அப்போ தோல் கம்பெனியை எல்லாம் மூடிடலாமா? உன் பிரியாணிக்குக் காசு யார் தருவா?" நியாயமான கேள்வி. எங்க அம்மாவே ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். நான் ஃபீஸ் கட்டியது அந்தத் தையலில். நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் கதை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆகவே மூடச் சொல்லவில்லை. ஒழுங்கா நடத்துங்க என்கிறேன்.

ஒழுங்காக நடத்துவது யார்? அங்கேதான் நாம் வருகிறோம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு கழிவுநீரை சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் எல்லாம் வந்தன. அவற்றில் ஷிப்ட் பார்ப்பது முதலாளி அல்ல, நீதிபதியும் அல்ல. டிப்ளமோ படித்த சூப்பர்வைசர்! பம்ப் நம் மெக்கானிக்கல், பேனல் எலக்ட்ரிக்கல், தொட்டி சிவில். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்துப்போனார்கள். ஒரு சுவரை எப்படிக் கட்டுகிறோம் என்பதில் எத்தனை பேர் உயிர் இருக்கிறது! மழை பெய்கிற ராத்திரியில் "வால்வைத் திறந்து விட்டுடு, யாருக்குத் தெரியப் போவுது" என்று ஒருவர் சொன்னால், அந்த வால்வில் கை வைத்திருக்கப் போவது நம் பேட்ச் பையன்தான். அவன் "முடியாது சார்" என்று சொல்ல வேண்டும். அவன் ஒருத்தனாகச் சொன்னால் வேலை போகும். நாம் எல்லோரும் சொன்னால் வழக்கம் மாறும்.

ஊறவைக்கும் முன்னாடியே தோலில் உள்ள உப்பை உதறி எடுப்பது, உப்பைக் குறைத்துப் பதப்படுத்துவது என்று எத்தனையோ வழிகளை சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சொல்லித் தருகிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு மார்க்கெட்டில் ரெடிமேட் மாடல் வாங்கி வந்து வைப்பதற்குப் பதில், உப்பு உதறும் டிரம் ஒன்றைச் செய்து பார்த்தால் என்ன?

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. விழாவுக்கு வாங்கும் பட்டாசுச் செலவைக் குறைத்து ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். வாராவாரம் திங்கட்கிழமை கல்லூரிக் குழாய், ஹாஸ்டல் கிணறு, கேன், டீக்கடைப் பானை எல்லாவற்றையும் அளந்து நோட்டீஸ் போர்டில் எழுதுவோம். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல எல்லோரும் வந்து பார்ப்பார்கள். எண் தெரிந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லித்தான் ஆகணும்.

நண்பர்களே! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உண்மைதான். ஆனால் உப்பைச் சமையலில் போட வேண்டியது மாஸ்டர், ஆற்றில் போட யாருக்கும் உரிமை இல்லை. சாப்பாட்டை ரசிப்பவன் தண்ணீரைக் காப்பான். ரசிப்போம்! காப்போம்!

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு