சூடு வைத்தால் எழும், மீண்டும் விழும்: மடிக்கணினி கிராபிக்ஸ் பழுதில் கரையும் குடும்பப் பணம்

கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ பிள்ளையை அனுப்பும் தோட்டப்புற, நகர்ப்புறக் குடும்பங்கள் பலவற்றில் மடிக்கணினி என்பது இன்னொருவர் பயன்படுத்தி விற்றதுதான். ஒரு நாள் திரையில் கோடு கோடாக விழும், வண்ணம் சிதறும். பிறகு விசிறி மட்டும் சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் சில்லு போய்விட்டது, சூடு வைத்துச் சரிசெய்யலாம் என்கிறார். பணம் கொடுத்து எடுத்து வந்தால் நன்றாக ஓடுகிறது. சில வாரமோ சில மாதமோ கழித்து, தேர்வு நெருங்கும் நேரத்தில், மறுபடியும் அதே கறுப்புத் திரை.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டுவது எளிது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அடிப்படைச் சிக்கல் வேறு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வேலைகள் ‘ரிப்பேர்’ என்ற ஒரே சொல்லில் விற்கப்படுகின்றன. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே பயனீட்டாளர் பணம் கொடுக்கிறார்.

உடைவது எங்கே?

மடிக்கணினியின் பலகையில் சில்லு என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் இரண்டு அடுக்கு. மேலே நகம் அளவு சிலிக்கான் துண்டு. கணக்குப் போடுவது அதுதான். கீழே அதைத் தாங்கும் சிறு தட்டு. துண்டையும் தட்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உலோகப் புள்ளிகள். அந்தத் தட்டைப் பெரிய பலகையோடு இணைப்பவை அடியில் வரிசையாக இருக்கும் சற்றே பெரிய ஈய உருண்டைகள்.

கணினி ஓடும்போது சில்லு சூடாகி விரிகிறது. அணைத்தால் குளிர்ந்து சுருங்குகிறது. சிலிக்கானும் தட்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆயிரக்கணக்கான முறை இப்படி இழுபட்டால் நடுவிலுள்ள புள்ளிகளில் விரிசல் விழும். இதைத் தாங்கத்தான் புள்ளிகளைச் சுற்றி ஒருவகைப் பசை நிரப்பப்படுகிறது. அந்தப் பசை கணினி வழக்கமாக எட்டும் சூட்டிலேயே இளகிவிட்டால், சுமை முழுவதும் புள்ளிகள் மேல் விழுகிறது.

கடையில் சூடு வைக்கும்போது விரிந்து அழுந்தும் புள்ளிகள் தற்காலிகமாக மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. திரை வருகிறது. விரிசல் அங்கேயே இருக்கிறது.

மூன்று வேலைகள்

முதலாவது ‘ரிஃப்ளோ’. சில்லைக் கழற்றாமல் அதன்மேல் சூடான காற்று பாய்ச்சுவது. விரைவாக முடியும், செலவும் குறைவு.

இரண்டாவது ‘ரீபாலிங்’. சில்லைக் கழற்றி, அடியிலுள்ள பழைய உருண்டைகளைச் சுரண்டி எடுத்து, புதிய உருண்டைகள் வைத்து மீண்டும் பொருத்துவது. பொறுமையும் கைத்தேர்ச்சியும் வேண்டிய வேலை. கீழே விழுந்தோ பலகை வளைந்தோ அடி உருண்டைகள் விட்டிருந்தால் இது சரியான மருத்துவம். பழுது மேலே, சிலிக்கானுக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்தால், இத்தனை உழைப்பும் விலை உயர்ந்த ரிஃப்ளோவாகவே முடியும்.

மூன்றாவது, சில்லையே மாற்றுவது. உள்ளே உடைந்த சில்லுக்கு இதுதான் தீர்வு. அதிலும் பழைய பலகையிலிருந்து கழற்றிச் சுத்தம் செய்த சில்லு புதியது என்ற பெயரில் வந்தால், அது அடுத்த பழுதை வாங்கி வைப்பதற்குச் சமம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். காரீயம் கலந்த பழைய வகைப் பற்று 183 பாகை செல்சியசில் உருகும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு பரவலான காரீயமற்ற வகை உருக ஏறக்குறைய 217 பாகை வேண்டும். அதற்கு மிகக் குறைந்த சூட்டிலேயே சில கணினிகள் உயிர்பெற்றுவிடுகின்றன. அடி உருண்டைகள் உருகவே இல்லை என்றால், சரியானது எது? அங்கே எதுவும் பற்றவைக்கப்படவில்லை என்பதே பதில்.

பெரிய நிறுவனங்கள் கற்ற பாடம்

இது சின்னக் கடைகளின் கதை மட்டுமல்ல. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் சிலிக்கான் துண்டும் உறையும் சேரும் இடத்துப் பொருள்கள் பலவீனமானவை என்று ஒப்புக்கொண்டு, பழுதுபார்ப்புச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள், தன் மேக்புக் ப்ரோ கணினிகள் சிலவற்றில் அந்தச் சில்லு இருப்பதை ஏற்று இலவசமாகப் பழுதுபார்க்க முன்வந்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்தது. டெல், எச்.பி., ஆப்பிள் மடிக்கணினிகளின் உரிமையாளர்கள் அதில் பயனடைந்தனர். அந்தச் சமரசம் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டுமே. 2011ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ கணினிகளிலும் திரைக் கோளாறு தலைதூக்க, ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இன்னொரு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது.

விளையாட்டுக் கருவிகளும் தப்பவில்லை. மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 சிவப்பு வளையம் காட்டி நின்றுபோனபோது, அதைத் துண்டில் சுற்றி ஓடவிட்டுச் சூடேற்றிச் ‘சரிசெய்தவர்கள்’ உலகெங்கும் இருந்தார்கள். 2007 ஜூலையில் அந்நிறுவனம் இதற்காக நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. 2021இல் அது வெளியிட்ட ஆவணத் தொடரில், உடைப்பு சில்லின் உறைக்குள்தான் நடந்தது என்று அதன் பொறியாளர்களே விளக்கினர். துண்டு வித்தை ஏன் நிலைக்கவில்லை என்பதற்கான விடையும் அதுதான்.

கடைகள் ஏன் தொடர்கின்றன?

சில்லை ஒழுங்காகக் கழற்றி மாற்றும் இயந்திரம் ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலை. நம்பகமான புதிய சில்லு கிடைப்பது அரிது. வாடிக்கையாளரோ குறைந்த விலை கேட்கிறார். கடை மேசையில் வைக்கப்படும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: இப்போது ஓடுகிறதா? ரிஃப்ளோ அந்தச் சோதனையில் பல நேரம் தேறிவிடும். உத்தரவாதக் காலம் குறுகியதாக இருந்தால் மறு பழுதின் செலவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசா போன்ற பெரிய கணினி வளாகத்தில் பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கலாம். சிறு பட்டணத்தில் இருப்பதோ ஒரு கடை. அவர் சொல்வதுதான் முடிவு.

இன்னொரு வருமானமும் இதில் உண்டு. சூடு வைத்து எழுப்பிய கணினிகளே பயன்படுத்திய பொருள் சந்தைக்கும் வருகின்றன. விற்கும் நாளில் பளிச்சென்று ஓடும். பழுது கைமாறுகிறது, கடைசியாக வாங்கும் குடும்பம்தான் இழக்கிறது.

சட்டம் என்ன தருகிறது?

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிட வலுவானது. பழுதுபார்ப்பு போன்ற சேவைகள் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்பது அதன் 53ஆவது பிரிவு. உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பு வசதியும் நியாயமான காலத்திற்குக் கிடைக்க வேண்டும் என்பது 37ஆவது பிரிவு. அப்படித் தர இயலாது என்று விற்கும்போதே முன்கூட்டித் தெரிவித்திருந்தால் மட்டும் விலக்கு. பழைய பாகத்தைப் புதியது என்று சொல்லி விற்பது 10ஆவது பிரிவின்படி குற்றம்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆனால் வணிகம் செய்யாத தனிநபரிடம் இணையத்தில் வாங்கியதற்கு இந்த வழி பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனுவுக்குச் சான்று வேண்டும். ‘ரிப்பேர்’ என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து எந்த வேலை சரியில்லை என்று வாதிடுவது கடினம். ‘கிராபிக்ஸ் சில்லு மாற்றம், புதிய சில்லு, உத்தரவாதம் இத்தனை மாதம்’ என்று எழுதிய பில்தான் பேசும்.

கடைக்குப் போகும் முன்

முதலில், கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பி வழி வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் சுத்தமாக வந்தால் பழுது பெரும்பாலும் திரையிலோ அதன் கம்பியிலோதான். சில்லுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. அங்கும் கோடு விழுந்தால்தான் கிராபிக்ஸ் பகுதியைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, தனி கிராபிக்ஸ் சில்லு உள்ளதா என்று கேட்க வேண்டும். சாதாரணப் படிப்புக் கணினிகள் பலவற்றில் அது செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அங்கே ‘கிராபிக்ஸ் சில்லு மாற்றம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, சில்லு போனால் பாடங்களும் கோப்புகளும் போய்விடுவதில்லை. அவை சேமிப்பகத்தில் இருக்கின்றன. பழுதுக்குக் கொடுக்கும் முன் அவற்றைத் தனியே எடுத்துத் தரச் சொல்லலாம்.

ரிஃப்ளோவுக்கும் ஓர் இடம் உண்டு. கோப்புகளை எடுக்கவோ, ஒரு தேர்வு வாரத்தைக் கடக்கவோ அது போதும். அவ்வளவுதான் அது தரும் என்று தெரிந்து, அதற்கேற்ற விலை கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

கொள்கையில் ஓர் இடைவெளி

1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தொடங்கிய மின்னணுத் தொழிற்பேட்டை, சில்லை உறையில் பொருத்திச் சோதிக்கும் வேலையில் மலேசியாவை உலகத் தரத்திற்குக் கொண்டுபோனது. அவ்வேலையில் உலக அளவில் சுமார் 13 விழுக்காடு இங்கே நடப்பதாகக் குறிப்பிடப்படுகிறது. உடைந்து போகும் அந்த நுண்புள்ளிகளை அறிந்த கைகள் நாட்டில் உண்டு. அந்த அறிவு தாமான் கடை மேசைக்கு இன்னும் போதுமான அளவு இறங்கவில்லை. மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் நம் இளைஞர்களுக்கு நுண்பற்றவைப்பு ஒரு தனித் தொழிலாகவே அமையலாம்.

வரிச் சலுகையும் ஒரு பக்கமே சாய்கிறது. வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிவிலக்கில் கணினி வாங்கும் செலவு அடங்கும். பழுதுபார்க்கும் செலவு அந்தப் பட்டியலில் இல்லை. வருமான வரி கட்டும் அளவு சம்பளம் இல்லாத குடும்பத்திற்கு அந்த விலக்கே எட்டாது. புதியது வாங்க வசதியுள்ளவருக்கு அரசு தோள் கொடுக்கிறது. பழையதை ஓட்டியே பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்திற்கு இப்போதைக்கு இருக்கும் பாதுகாப்பு, கடைக்காரர் என்ன வேலை செய்தார் என்று எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு பில்தான்.