ஆர்.எக்ஸ். 100 சொன்ன உண்மையும், புல்லட்டுக்கு நாம சொல்ற பொய்யும்

மக்களே, இந்தப் பதிவைப் படிச்சா கொஞ்சம் பேருக்குக் கடுப்பாகும்னு தெரிஞ்சேதான் எழுதறேன். எங்க ஆபீஸ் பார்க்கிங்ல ஏழு புல்லட் நிக்குது. அதுல கம்பெனியிலேர்ந்து வந்த சைலன்சரோட இருக்கறது ரெண்டே ரெண்டு. அதுல ஒண்ணு என்னோடது. மத்த அஞ்சு பேர்கிட்டயும் "ஏன்டா மாத்தினே?"ன்னு கேட்டுப் பார்த்துட்டேன். முதல் வார்த்தை "பிக்கப்". ரெண்டாவது வார்த்தை "பவர்". "சத்தம் புடிச்சிருக்கு மச்சி, அதான்"னு ஒருத்தன்கூட சொல்ல மாட்டேங்கறான்.

என்னோட பிரச்சினையே அங்கதான். சத்தம் ஒரு தொல்லைன்னா, அந்தத் தொல்லைக்கு "பவர்"னு ஒரு எஞ்சினியரிங் சட்டையை மாட்டி விடறது அதைவிடப் பெரிய தொல்லை. நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு கோட் அடிச்சிட்டு இருக்கற கோஷ்டியில ஒருத்தன். நாலு வருஷம் படிச்சதுக்கு வேற எந்தப் பிரயோஜனமும் இல்லை, இந்த ஒரு பதிவாவது எழுதிக்கறேன் :-)

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும். "சைலன்சரை மாத்தினா வண்டி பறக்கும்"ங்கறது வானத்துலேர்ந்து குதிச்ச நம்பிக்கை இல்லை. அது ஒரு காலத்துல நூத்துக்கு நூறு உண்மை. நம்ம மாமா, சித்தப்பா தலைமுறை ஓட்டின யமஹா ஆர்.எக்ஸ். 100 ஞாபகம் இருக்கா? 1985-லேர்ந்து 1996 வரைக்கும் இங்கே தயாரான வண்டி. வெறும் 98 சிசி, ஆனா 11 பி.எச்.பி. அது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். டூ ஸ்ட்ரோக்ல சைலன்சர்ங்கறது வெறும் புகைக்குழாய் கிடையாது. பாதி எஞ்சினே அதுதான்.

எப்படின்னு சொல்றேன். டூ ஸ்ட்ரோக் சிலிண்டர்ல தலைப்பக்கம் வால்வு கிடையாது. சுவத்துல ஓட்டைகள்தான். பிஸ்டன் கீழ இறங்கும்போது புகை போற ஓட்டையும் திறந்திருக்கும், புது பெட்ரோல் கலந்த காத்து வர்ற ஓட்டையும் திறந்திருக்கும். உள்ளே வர்ற புதுசுல கொஞ்சம் எரியாமலே நேரா சைலன்சருக்குள்ள ஓடிடும். இதை யார் தடுக்கறது? சைலன்சரோட உருவம்தான். குழாய் முதல்ல விரிஞ்சு, அப்புறம் குறுகும். வெடிச்சுக் கிளம்பின அழுத்த அலை அந்தக் குறுகுற இடத்துல மோதித் திரும்பி வந்து, ஓடிப்போன பெட்ரோலை மறுபடி சிலிண்டருக்குள்ள தள்ளும். அலை சரியான நேரத்துக்கு வந்துச்சுன்னா எஞ்சினுக்கு இலவசமா ஒரு பம்ப் மாட்டின மாதிரி.

இந்த வித்தையை 1950-கள்ல செதுக்கி எடுத்தவர் கிழக்கு ஜெர்மனியோட எம்.இஸட். கம்பெனி எஞ்சினியர் வால்டர் காடன். அவரோட 125 சிசி ரேஸ் எஞ்சின் 1961 வாக்குல 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200. டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாம அந்த அளவைத் தொட்ட முதல் எஞ்சின். அதே 1961-ல அவங்க ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் ரேஸுக்குப் போன இடத்துலேர்ந்து மேற்குப் பக்கம் தப்பிச்சு ஓடினார். மண்டைக்குள்ள இருந்த ரகசியத்தை எல்லாம் சுசூகிகிட்ட கொடுத்தார். 1962-ல உலக 50 சிசி சாம்பியன்ஷிப் சுசூகிக்கு, ஓட்டினவர் அதே டெக்னர். ஒரு சைலன்சர் வடிவத்துக்காக ஒருத்தர் நாட்டை விட்டே ஓடின கதை இது. சினிமாவா எடுத்தா நம்ப மாட்டோம்.

ஆக, ஆர்.எக்ஸ். 100 காலத்து மெக்கானிக் அண்ணன் "சைலன்சர்லதான்டா தம்பி பவர் இருக்கு"ன்னு சொன்னது சத்தியம். கோளாறு எங்கேன்னா, அந்த வாக்கியத்தை நாம அப்படியே தூக்கிட்டு வந்து ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட்டுல ஒட்டிட்டோம்.

ஃபோர் ஸ்ட்ரோக்ல வால்வு இருக்கு. புகை போனதும் கதவு சாத்திடும். ரெண்டு கதவும் ஒண்ணா திறந்திருக்கற நேரம் தெருவுல ஓட்டற வண்டிகள்ல ரொம்பக் கம்மி. அலை விளையாட்டு இங்கேயும் உண்டு, ஆனா அது பெரும்பாலும் எஞ்சினை ஒட்டின வளைவுக் குழாயோட நீளத்துலயும் கேம்ஷாஃப்ட்லயும் இருக்கு. ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் நாம வாங்கி மாட்டறது அந்தக் குழாயோட வால் பகுதி மட்டும்தான்.

கொஞ்சம் கணக்கு போடலாம், பயப்படாதீங்க. கிளாசிக் 350-யோட பழைய யூ.சி.ஈ. எஞ்சின் 346 சிசி. அதிகபட்ச பவர் 19.8 பி.எச்.பி., 5250 ஆர்.பி.எம்.ல. ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை காத்தை இழுக்கும், அதாவது நிமிஷத்துக்கு 2625 தடவை. சிலிண்டர் முழுசா நிரம்பினா நிமிஷத்துக்கு சுமார் 908 லிட்டர் காத்து. எண்பது சதவீதம் நிரம்பினாலும் 700 லிட்டருக்கு மேல. இந்தக் காத்து ஏர் ஃபில்டர் பெட்டி, கார்புரேட்டர், இன்டேக் வால்வு, சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு, வளைவுக் குழாய்னு வரிசையா தாண்டிட்டுத்தான் சைலன்சருக்கே வரும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பரனூர் டோல்கேட்ல நின்னவங்களுக்கு இது ஈஸியா புரியும். டோல்கேட் தாண்டினதுக்கு அப்புறம் ரோட்டைப் பத்து லேனா அகலப்படுத்தினா க்யூ குறையுமா? கவுன்டர் அதே கவுன்டர்தானே! வால்வு, கேம், கார்புரேட்டர் எல்லாம் அப்படியே இருக்க, கடைசிக் குழாயை மட்டும் அகலப்படுத்தறது அந்தக் கதைதான்.

"சரி, அப்போ காத்து வர்ற பக்கமும் திறந்து விடறேன்"னு அடுத்த கட்டத்துக்குப் போறவங்க உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழட்டிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை கார்புரேட்டர் வாயிலேயே சொருகிடறது. அந்தப் பிளாஸ்டிக் பெட்டி சும்மா வெச்ச டப்பா இல்லைங்க. அதோட கொள்ளளவும் மூக்குக் குழாயோட நீளமும் கணக்குப் போட்டு வெச்சது, அதுவும் ஒரு அலை விளையாட்டுதான். அதைக் கழட்டினா கீழ் ஆர்.பி.எம்.ல இழுவை குறையறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. புல்லட்டை நாம வாங்கினதே அந்தக் கீழ் ஆர்.பி.எம். இழுவைக்காகத்தானே? அது மட்டுமில்ல, கூம்பு ஃபில்டர் எஞ்சின் பக்கத்துலேர்ந்து சூடான காத்தை இழுக்கும். சூடான காத்துல ஆக்சிஜன் கம்மி. நவம்பர் மழையில தண்ணி, மத்த மாசம் தூசி. ரோட்டுத் தூசியில இருக்கற மணல் துகள் சிலிண்டர் சுவத்துல உப்புத்தாள் வேலை பார்க்கும்.

இதுக்கெல்லாம் மேல பெட்ரோல் கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். நல்ல பவர் கிடைக்கறது 12.5, 13 பக்கத்துல. காத்தை மட்டும் கூட்டிட்டு பெட்ரோலைக் கூட்டலைன்னா கலவை நீர்த்துப் போகும், எஞ்சின் சூடாகும், த்ராட்டில் முறுக்கினா திக்கும். கார்புரேட்டர் வண்டின்னா ஜெட் மாத்தி ஊசியை அட்ஜஸ்ட் பண்ணணும். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்ததுக்கு அப்புறம் வந்த வண்டிகள்னா எஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கு. நிதானமா ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து அதுவே 14.7 பக்கம் கொண்டு வந்துடும். முழு த்ராட்டில்ல அது சென்சாரை நம்பாது, கம்பெனி எழுதி வெச்ச அட்டவணையைத்தான் பார்க்கும். அந்த அட்டவணைக்கு உங்க புது சைலன்சர் மாட்டின விஷயம் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, ஹார்ட்வேரை மாத்திட்டு கான்ஃபிக் ஃபைலை மாத்தாம ப்ரொடக்‌ஷன்ல விடறோம்.

எங்க டீம்ல ஒருத்தன் பெருமையா சொன்னான்: "கியர் குறைக்கும்போது பின்னாடி டப் டப்னு வெடிக்குது பாரு, மாஸ்!" தம்பி, அது எஞ்சின் கைதட்டறது இல்லை. எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ள போய் எரியுது. கலவை சரியில்லைன்னோ, ஜாயின்ட்ல காத்து கசியுதுன்னோ வண்டி சொல்லுது.

சரி, எல்லாத்தையும் ஒழுங்கா பண்ணி, பத்து சதவீதம் பவர் கூடிடுச்சுன்னே வெச்சுக்குவோம். 20 பி.எச்.பி. 22 ஆயிடுச்சு. டாப் ஸ்பீட்ல காத்தை எதிர்த்துத் தள்றதுக்கான பவர் வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். பத்து சதவீதம் அதிக பவர் கொடுத்தா கிடைக்கற வேகம் மூணு சதவீதம்தான். 110-ல போன வண்டி 113-ல போகும். இதுக்கா இவ்வளவு ரகளை?

இப்போ இதுக்கு யார் காசு கொடுக்கறாங்கன்னு பார்ப்போம். 175 சிசிக்கு மேல இருக்கற பைக்குகளுக்கு 2005-ல நடைமுறைக்கு வந்த அளவு 80 டெசிபல். டெசிபல் நம்ம சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 80, 100 ஆச்சுன்னா இருபது கூடினதா அர்த்தம் இல்லை, ஒலியோட ஆற்றல் நூறு மடங்கு. எங்க தெரு பதினஞ்சு அடி. ரெண்டு பக்கமும் மூணு மாடிச் சுவரு, சத்தம் தப்பிச்சுப் போக வழியே இல்லை. எங்க மேல் வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில நைட் டூட்டி நர்ஸ். காலையில வந்து படுக்கறவங்க. எதிர் வீட்டுல ஆறு மாசக் கைக்குழந்தை. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் அந்தத் தெருவுல ஒரே ஒரு தடவை முறுக்கிட்டுப் போனா போதும். அவனுக்குக் கிடைக்கறது பத்து செகண்ட் சந்தோஷம். தூங்க வெச்ச குழந்தையை மறுபடி தூங்க வைக்க அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம். அவன் பெட்ரோலுக்கு மட்டும்தான் காசு கொடுத்தான், மிச்ச பில்லு தெருவுக்கு.

"சத்தம் இருந்தா லாரிக்காரன் கவனிப்பான், பாதுகாப்பு"ன்னு ஒரு வாதம் வரும். சைலன்சர் வாய் எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்கு? பின்பக்கம். அமெரிக்காவுல ஹாரி ஹர்ட் குழு 900 பைக் விபத்துகளை நேர்ல போய் ஆராய்ஞ்சு 1981-ல வெளியிட்ட அறிக்கை, முக்கால் பங்குக்கு மேல ஆபத்து நேர் முன்னாடி, இடம் வலம் 45 டிகிரிக்குள்ளதான் இருந்ததுன்னு சொல்லுது. முன்னாடி வர்ற ஆபத்துக்கு பின்னாடி மேளம் அடிச்சு என்ன லாபம்? அந்தக் காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் ஒரு நல்ல ஹெல்மெட்டும் வாங்கலாம்.

அதுக்காக நான் போலீஸ் கட்சியும் இல்லை. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், 190(2) பிரிவுல, முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் சிறைன்னு போட்டுச்சு. பிடிச்ச சைலன்சரை எல்லாம் வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்தி போட்டோவும் எடுக்கறாங்க. ஆனா விக்கற கடை அடுத்த நாளும் திறந்துதான் இருக்கு. மாட்டினவனுக்குத் தண்டனை, வித்தவனுக்கு வியாபாரம். ஐரோப்பாவுல மாத்து சைலன்சருக்குன்னே ஐ.நா. விதிமுறை எண் 92 இருக்கு. சோதனை செஞ்சு முத்திரை குத்தினதை வாங்கி மாட்டிக்கலாம். ஆசைக்கு ஒரு நேர் வழி இருக்கணும், அந்த வழியில தெருவுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கணும். நம்ம ஊர்ல கடைக்காரர் முத்திரை இல்லாததை விக்கவே முடியாதுன்னு ஆக்கினா ரோடு ரோலருக்கு வேலையே இல்லை.

ட்யூனிங் கூடாதுன்னு நான் சொல்லலை. நிஜமாவே பவர் வேணும்னா கேம், ஜெட், மேப்பிங்னு மொத்தமா பண்ணுங்க, டைனோல ஏத்தி முன்னும் பின்னும் அளந்து பாருங்க, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல போய் முறுக்குங்க. நான் வந்து விசில் அடிக்கறேன். திருவொற்றியூர்ல பிறந்த வண்டியோட டுபு டுபு எனக்கும் பிடிக்கும், அது கம்பெனி சைலன்சர்லயே போதுமான அளவு இருக்கு.

அளந்து பார்க்காம "பவர்"னு மட்டும் சொல்லாதீங்க மக்களே. சத்தம்னு சொல்லுங்க. அப்படி வாய் விட்டுச் சொல்லிட்டாலே அடுத்த கேள்வி தானா வரும்: "எனக்குப் பிடிச்ச சத்தத்தை ராத்திரி ரெண்டு மணிக்கு மத்தவங்க ஏன் கேட்கணும்?" அதுக்கு எந்த எஞ்சினியரிங் புத்தகத்துலயும் பதில் இல்லை.

டிஸ்கி: ஆர்.எக்ஸ். 100 வெச்சிருக்கற அண்ணன்கள் என்னை அடிக்க வர வேண்டாம். உங்க சைலன்சர்ல பவர் இருக்குன்னுதான் சொல்லியிருக்கேன். ஆனா ராத்திரி ரெண்டு மணி கேள்வி உங்களுக்கும் உண்டு :-)